குகையா, கப்பலா?

"சம்பந்தம் பேச வர்றவங்கதான் இறங்கி வரணும், இல்லைன்னா நாங்க கிளம்பறோம்!" என்று குகை உணவகத்திலிருந்து பொண்ணின் அம்மாவான எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போனில் கத்துகிறாள். "தாராளமா கிளம்புங்க! அந்த இருட்டுல பொண்ணு முகம் எப்படிங்க தெரியும்?" என்று எதிரே கப்பல் உணவகத்திலிருந்து பையனின் அம்மா கத்துகிறாள். பொழுதுபோக்குப் பூங்காவில் சாப்பிட்டபடி பேசலாம் என்றவர்கள், எந்த உணவகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. துணைக்கு வந்த எனக்குக் கால் நிற்குமா? இரண்டையும் எட்டிப் பார்த்துவிடுகிறேன். குகையில் ரப்பர் வௌவால்கள் தொங்குகின்றன. பச்சை வெளிச்சத்தில் சூப்பும் கை கழுவும் தண்ணீரும் ஒரே நிறம். கப்பலில் தரையே ஆடுகிறது, கொள்ளைக்காரன் வேஷத்தில் ஒரு கண்ணை மூடிக் கட்டியிருக்கும் சர்வர், பையனின் அப்பா மடியில் சாஸை ஊற்றிவிட்டு, "ஒத்தைக் கண்ணால எவ்வளவு சார் பார்க்கறது?" என்கிறார். எதிர்த் தரப்பைக் கூட்டிவர அனுப்பிய பொண்ணும் பையனும் இரண்டு உணவகத்துக்கும் நடுவே உள்ள பாலத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒரே பாப்கார்ன் பொட்டலம். அவள் ஏதோ சொல்ல, அவன் சிரிப்பு தாங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். இங்கே போன்கள் இன்னும் ஓயவில்லை.

அடுத்த மாதமே கல்யாணம் முடித்து, இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். அம்மாக்கள் இருவரையும் ஒரே நாளில் மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லையாம்.