ஊதிக் காட்டியவர்

“அங்க எஞ்சினைக் கழட்டிப் போட்டிட்டு வந்து, இஞ்ச குந்திக்கொண்டிருக்கிறன்,” என்று அருளம்பலம் மறுபடியும் கதிரையை விட்டு எழும்பினார்.

பக்கத்தில் இருந்த மனைவி நல்லம்மா கிளினிக் துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஒரு மாதமாக இதே கதைதான். அவளுக்கு மூச்சு வாங்குதாம். குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்க ஏலாதாம். ஆனால் முந்தாநாள் தண்ணீர் வாளியோடு வேலிவரை ஓடிப்போய், பக்கத்து வீட்டு லோஜினியோடு சிரித்துக் கதைத்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். இப்போது மூச்சை ஊதிப் பார்க்கிற சோதனையாம். தனியாகப் போகப் பயம் என்று அவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கிளினிக் படியில்கூட அவளுக்காக இரண்டு இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

போன் அடித்தது. எஞ்சினைத் திருத்தக் கொடுத்த போட்காரர்.

“இந்தா வாறன் அலியார் நானா. பின்னேரம் போட் கடலுக்குப் போகும். நான் பொறுப்பு.”

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். சோதனை செய்யும் றம்ஸியா, நல்லம்மாவின் மூக்கில் கிளிப் போட்டு, வாயில் அட்டைக் குழாயை வைத்தாள்.

“நல்லா இழுத்து, ஒரே மூச்சாப் பலமா ஊதுங்கோ அம்மா. முடிஞ்சதும் திரும்ப உள்ளுக்கு இழுங்கோ.”

நல்லம்மா ஊதினாள்.

“என்ன, தேத்தண்ணி ஆத்திறியோ?” என்றார் அருளம்பலம்.

அடுத்த தடவை பாதியில் இருமினாள். அதற்கடுத்த தடவை காற்று வாயோரத்தால் போனது.

“மூண்டும் மூண்டு விதமா வருது. இப்பிடியெண்டா ஒண்டும் சொல்லேலாது அம்மா,” என்றாள் றம்ஸியா.

“வருத்தம் இருந்தாத்தானே சொல்ல? சரியான வேலைக்கள்ளி, பிள்ளை.”

நல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். றம்ஸியாவுக்குத்தான் ஒருமாதிரியாகிவிட்டது.

போன் திரும்பவும் அடித்தது. அருளம்பலத்துக்குப் பொறுக்கவில்லை.

“விடு. இஞ்ச கொண்டா. ஊதிறது எப்பிடியெண்டு நான் காட்டுறன்.”

றம்ஸியா புதுக் குழாய் ஒன்றைப் பூட்டி, அவருடைய வயதையும் உயரத்தையும் கேட்டு மெசினில் தட்டினாள். முகம் சிவக்க ஊதினார். திரும்ப இழுத்தபோது விசில்போல ஒரு சத்தம் வந்தது.

“பாத்தியே?” என்று மனைவியைப் பார்த்தார்.

றம்ஸியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, இன்னொருக்கா.”

ஊதினார்.

“இன்னும் ஒருக்கா.”

பிறகு எழும்பிப் போய் டொக்டரைக் கூட்டி வந்தாள்.

டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “இந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கவேணும். உங்களுக்கு மேலயும் கீழயும் தட்டையாக் கிடக்கு. மூண்டு தரமும் ஒரே மாதிரி. நுரையீரலைவிட, மேல மூச்சுக்குழாயிலதான் எனக்குச் சந்தேகம். எப்பவாவது தொண்டைக்குள்ள குழாய் விட்டு மூச்சுக் குடுத்தவையோ?”

போன வருடம் கப்பல்துறை றோட்டில் மோட்டார் சைக்கிள் புரண்டு, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தது அருளம்பலத்துக்கு ஞாபகம் வந்தது.

“ஓம்… ஆனா எனக்கு மூச்சு இழுக்கிறது தூசியாலதான் டொக்டர். ஸ்பிறே அடிக்கிறனான்.”

“குழாய் போட்ட இடம் சுருங்கியிருந்தா ஸ்பிறே கேக்காது. கமரா விட்டுப் பாக்கவேணும். சும்மா விட்டா ஒரு நாளைக்கு அடைச்சுப்போடும். நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறீங்கள்.”

போன் மீண்டும் அடித்தது. அதை நிறுத்திவிட்டு, காலையிலிருந்து முதல்தடவையாக அசையாமல் இருந்தார்.

“அப்ப இவவுக்கு?” என்றார் மெதுவாக. “இவவுக்கும் இதே வருத்தமெண்டா? வடிவாப் பாருங்கோ டொக்டர்.”

நல்லம்மா தானாகவே குழாயை எடுத்து வாயில் வைத்து, ஒரே மூச்சில் ஊதினாள். கோடு மலைபோல ஏறி இறங்கியது.

அருளம்பலம் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ராவில உங்கட மூச்சு விசிலடிக்கிறது எனக்குத்தானே கேக்கும். கூப்பிட்டா வரமாட்டீங்கள்,” என்றாள் நல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா ஒருத்தர் பிழையாச் செய்யிறதைப் பாத்தா, பறிச்சுச் செய்து காட்டாமல் இருக்க உங்களால ஏலாது.”