மயில் மூலை

"சார், அடுத்த வாரத்துலேருந்து நீங்க இங்க உட்கார முடியாது. மயிலுக்கு மராமத்து. சாரம் கட்டப் போறாங்க."

நூலகர் அம்மாள் இப்படிச் சொன்னதும் பெரியவரின் முகம் விழுந்துவிட்டது.

அந்தப் பழைய நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து, வளைந்த கூரையில் தீட்டியிருக்கும் தோட்டத்தையும் யானைகளையும் பார்ப்பார்கள். இவர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்து, மூலையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரில் சாயம் போன ஒரு மயில் ஓவியத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்படி என்னதான் இருக்கிறதோ அந்த மயிலிடம்!

"எவ்வளவு நாளும்மா ஆகும்?"

"ஆறு மாசமாவது ஆகும். நடு ஹால்ல நல்ல நாற்காலியா போட்டுத் தரேன் சார். அங்கேருந்து எல்லா ஓவியமும் தெரியும்."

"எனக்கு ஓவியம் தெரிய வேண்டாம்மா. இந்தச் சுவத்துல கொஞ்சம் காதை வெச்சுப் பாருங்க."

மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே அவள் காதை வைத்தாள். மறுகோடியில், குழந்தைகள் பகுதியில், சனிக்கிழமைதோறும் கதை சொல்ல வரும் பெண்ணின் குரல்! கூரை வளைவில் ஏறி இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

"என் பொண்ணு" என்றார் பெரியவர்.

"அட, நாலு எட்டு வெச்சா நேர்லயே பார்த்துடலாமே சார்?"

"அவ கல்யாணத்துக்கு நான் போகலைம்மா. இனிமே என் முகத்துலயே முழிக்காதீங்கன்னுட்டா. அதான் சுவத்தைப் பார்த்து உட்கார்றேன். குரலைக் கேக்கக் கூடாதுன்னு அவ சொல்லலையே." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வர்றதையே நிறுத்திடுவா."

நூலகருக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

கதை முடிந்து குழந்தைகள் கலைந்ததும் மறுகோடிக்குப் போனாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வேலை விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"அடுத்த வாரத்துலேருந்து எதிர் மூலைல சாரம் கட்டறாங்கம்மா. தட்டற சத்தம் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ."

பையை எடுக்கப் போன பெண்ணின் கை அப்படியே நின்றது. சுவருக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்ப எங்கப்பா எங்கே உட்காருவார் மேடம்?"