இருபதாவது காவடி

மாலை ஆறரை மணி. நூற்றெட்டு கொக்கிகள் போட்ட பிஸ்கட் டின்னோடு அழகப்பன் பூன் லேயில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் பதினோராவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினார்.

தங்கை கமலாவின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள எங்க?"

"கிச்சன்ல. உட்காருண்ணே. சண்டையை உட்கார்ந்துகிட்டும் போடலாம்."

அழகப்பன் உட்காரவில்லை. தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவர்; தைப்பூசக் காவடிக் குழு ஒன்றுக்குத் தலைவர். பத்தொன்பது வருஷமாகத் தங்கை புருஷன் முத்தையாவின் முதுகில் கொக்கி மாட்டுவது அவர்தான். அதற்கென்றே தனியாக வைத்திருக்கும் டின் அது. தைப்பூசத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது, "இந்த வருஷம் எடுக்கலை மச்சான்" என்று முத்தையா ஒரே வரியில் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

முத்தையா டீயோடு வந்தார். மச்சானுக்கு முழு டம்ளர். கமலாவுக்குக் கால் டம்ளர். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு அவ்வளவுதான் அளவு.

"சூப்பர்வைசர் வேலை கிடைக்கணும்னு எடுத்தே. அரசாங்க வீட்டுக் குலுக்கல்ல நம்பர் விழணும்னு எடுத்தே. மகன் ஆர்மியில இருந்தப்ப ரெண்டு வருஷமும் எடுத்தே. என் தங்கச்சி மூணு வருஷமா மெஷின்ல கிடக்கிறா. இப்பதான் உனக்கு முதுகு வலிக்குதா மாப்ள?"

முத்தையா டம்ளரை மச்சான் பக்கம் நகர்த்தினார். துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவர். கத்துகிறவர்களைக் கத்த விட்டுவிடுவார்.

"தேக்காவுல தலை காட்ட முடியலை. எல்லாரும் கேட்கிறாங்க."

"நீயா போய்ச் சொன்னாத்தானே கேட்பாங்க," என்றாள் கமலா. "எத்தனை கடையில சொன்னே?"

"நாலு." கொஞ்சம் யோசித்து, "அஞ்சு," என்றார் அழகப்பன்.

கமலா சிரித்தாள். அவள் கையில் கட்டுப் போட்டிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"இன்னிக்கு டயாலிசிஸ் இல்லையே. என்ன கட்டு?"

"இது வேற மெஷின்ணே. ஒருத்தர் எனக்குக் கிட்னி தரேன்னுட்டாங்க. ஆனா என் ரத்தம் அதை எதிர்க்குது. அப்படியே வச்சா அன்னிக்கே கெட்டுப்போயிடுமாம். அதான் அந்த எதிர்ப்பை வடிகட்டி எடுக்கிறாங்க. நாலு தடவை ஆச்சு, பாதிதான் இறங்கியிருக்கு. மீதியும் இறங்கினாத்தான் ஆப்பரேஷன்."

அழகப்பன் உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அஞ்சு கடைக்குத் தெரியும். இறங்காம போச்சுன்னா, அஞ்சு கடைக்கும் நான்லா பதில் சொல்லணும்."

"தர்றது யாரு?"

"நீ இல்லை."

அது சுருக்கென்றது. போன வருஷம் கிட்னி தருகிறேன் என்று முதலில் மார்தட்டியவர் அவர்தான். ரத்தப் பரிசோதனைக்கு நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து சரிந்தார். வருஷத்துக்கு இருபது முதுகில் கொக்கி மாட்டுகிறவர், தன் உடம்பில் ஒன்றைக் கூட ஏற விட்டதில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை, இன்று வரை.

"யாரோ முன்பின் தெரியாத ஆளா இருக்கும். அதான் உடம்பு ஒத்துக்க மாட்டேங்குது," என்றார், பேச்சை மாற்ற.

"நல்லாத் தெரிஞ்ச ஆளுண்ணே, அதுதான் சிக்கலே. பிள்ளை வயித்துல இருக்கிறப்ப, பிள்ளைகிட்ட இருக்கிற அப்பனோட பங்கைப் பார்த்து அம்மா உடம்பு எதிர்க்கக் கத்துக்குமாம். நான் ரெண்டு பெத்திருக்கேன். என் உடம்பு இவரை எதிர்க்குதுன்னு எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும். டாக்டருக்கு இப்பதான் ரிப்போர்ட்ல வந்திருக்கு."

முத்தையா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனார்.

அழகப்பன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தழும்பும் எங்கே இருக்கிறது என்று சட்டைக்கு மேலேயே அவரால் சொல்ல முடியும்.

"அப்ப காவடி..."

"தர்றவங்க உடம்புல அலகு, பச்சை எதுவும் குத்தக் கூடாதுன்னுட்டாங்க. கிருமி ஏறிட்டா அது எனக்கும் சேர்த்துத்தான். உன்னை விட அவருக்குத்தான்ணே வருத்தம். இருபதாவது வருஷம் விட்டுப்போச்சேன்னு தினமும் சொல்றாரு."

அழகப்பன் டின்னை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் பேசாமல் கிளம்பியதை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

லிஃப்ட் வரை கூட வந்த முத்தையா மெதுவாகச் சொன்னார். "மச்சான், கடையில சொல்லிடாதீங்க."

"எந்தக் கடையில?" என்றார் அழகப்பன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தைப்பூசத்தன்று, காவடிகள் கிளம்புகிற பெருமாள் கோயில் வாசலில் நடந்ததைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வயசுல?" என்று ஐந்து கடைக்காரர்களும் கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை, முத்தையாவின் இடது சிறுநீரகம் கமலாவுக்குப் பொருத்தப்பட்டு வேலை செய்யத் தொடங்கியது. வெளியே காத்திருந்த அழகப்பன் அன்று முழுவதும் நாற்காலியில் சாயவே இல்லை. ஒன்பது நாளுக்கு முன், தைப்பூசத்தன்று, இரண்டு தடவை மயங்கி எழுந்து, முதுகில் மாட்டிக்கொண்ட நூற்றெட்டு கொக்கியின் புண் அவருக்கு இன்னும் ஆறவில்லை.