மைனஸ் பட்டன்

"மத்ததெல்லாம் செத்தாலும் பரவாயில்ல தம்பி. இந்த ஒரு பட்டன் மட்டும் வேலை செஞ்சாப் போதும்" என்றார் நாகநாதன்.

மேசைமேல் கிடந்தது முப்பது வருடப் பழைய கீபோர்டு. காரைக்குடியில் அந்த மாதிரிப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று ஸ்ரீதர் சொல்லிக்கொள்வான். வேறு யாரும் மறுத்ததில்லை, வேறு யாருக்கும் அதில் அக்கறையும் இல்லை.

பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். வயலின் வரவில்லை. புல்லாங்குழல் வரவில்லை. தாளம் நாலு தரம் கெஞ்சினால் ஒரு தரம் வந்தது. நாகநாதன் காட்டிய மைனஸ் பட்டன் எதற்கும் மசியவில்லை.

அது சுருதியை இறக்குகிற பட்டன். ஒரு தரம் அமுக்கினால் ஒரு படி இறங்கும். வாசிக்கிறவர் விரல் வைக்கும் இடம் மாறாது, சத்தம் மட்டும் கீழே போகும். ஒரே ஒரு சுருதியில் மட்டும் வாசிக்கத் தெரிந்த அரைகுறைகளுக்காக வைத்த வசதி என்பது ஸ்ரீதரின் கருத்து. சனிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவன் என்பதால் அவனுக்கு இதிலெல்லாம் கருத்து உண்டு.

"மொதல்ல வயலினைச் சரி பண்ணுவோம்ணே. கல்யாண வீட்டுல அதத்தான கேப்பாக?"

"வேண்டாம்ப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு சாக்கோட்டையில வரவேற்பு. அதுக்குள்ள இது மட்டும் ஆகணும்."

"அது இல்லாம இன்னைக்கு ஒரு நாளு சமாளிக்க முடியாதா?"

"முடியாது" என்றார் நாகநாதன். சொல்லும்போது முகம் வெளிறிவிட்டது.

ஸ்ரீதர் பெட்டியைத் திறந்தான். மைனஸ் பட்டனின் ரப்பருக்கு அடியில் மின்சாரம் கடத்த இருக்க வேண்டிய கார்பன் பொட்டு தேய்ந்து காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் சாக்லேட் சுற்றிய ஜிகினாத்தாளைப் பொட்டளவு வெட்டி ஒட்டியிருந்தது.

"இது யாரு வேலை?"

"நாந்தான். ரெண்டு கச்சேரி தாங்குச்சு."

"வாசிக்கத் தெரிஞ்சவுக இந்தப் பட்டன் பக்கமே போக மாட்டாகண்ணே."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் நாகநாதனுக்குக் கோபம் வரவில்லை.

"நமக்கு வர்றது அம்புட்டுத்தான் தம்பி."

ஸ்ரீதருக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

"புதுசு மதுரையிலருந்து வரணும். இன்னைக்கே வேணும்னா வேற பட்டன்லருந்து பொட்டைப் பேத்துத்தான் வைக்கணும். எதுல எடுக்கட்டும்?"

"பக்கத்துல இருக்க ப்ளஸ்ல எடுத்துக்கப்பா."

"அப்பறம் சுருதிய ஏத்தணும்னா?"

"இனிமே ஏத்துற வேலையில்ல."

ப்ளஸ் பட்டனின் பொட்டு வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே கன்னங்கரேலென்று இருந்தது. அதைப் பிளேடால் பெயர்த்து மைனஸில் ஒட்டி, காயவிட்டு, பெட்டியை மூடினான்.

நாகநாதன் ஒரு கட்டையில் விரலை வைத்துக்கொண்டு மைனஸை மூன்று தரம் அமுக்கினார். மூன்று படியும் இறங்கியது. அவர் விட்ட பெருமூச்சு தெருவில் போனவருக்கே கேட்டிருக்கும்.

அந்த நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையும் பூவுமாக இறங்கி வந்தாள் முத்தழகு. நாகநாதனின் மனைவி, அவருடைய கச்சேரிக் குழுவின் பாடகி.

"ஒரு பட்டனுக்காக மத்தியானம் முழுக்க இங்குட்டே உக்காந்திருக்கீகளே, நல்லாருக்கா? என்னையப் பாருங்க தம்பி. கல்யாணமான நாள்லருந்து அஞ்சு கட்டை சுருதிதான். இவரு விரலு அஞ்சு கட்டையில இருக்கான்னு பாத்துட்டுத்தான் பாட்டையே எடுப்பேன். ஒரு நாளாவது எறங்கியிருக்கேனான்னு கேளுங்க."

"எறங்குனதே இல்ல" என்றார் நாகநாதன், கீபோர்டை உறையில் போட்டபடி.

அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். ஸ்ரீதருக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பாடுகிறவளுக்கு, பட்டனில் சுருதியை இறக்குகிற இப்படி ஒரு பித்தலாட்டக்காரர் வாய்த்திருக்கிறாரே! உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

"அக்கா, ஒரு விசயம். தப்பா நெனைக்காதீக. அண்ணே மேடையில..."

"மூணு தரம் அமுக்குனா மூணும் எறங்குதா?" என்று கேட்டாள் முத்தழகு.

"ஒங்களுக்கு எப்படி..."

"பாடுறது நாந்தானே? தைராய்டு ஆபரேசனுக்கு அப்பறம் எனக்கு அஞ்சு கட்டை எட்டல. நாலு வருசமாச்சு. என் தொண்டை எனக்குத் தெரியாதா?"

"அண்ணே நேராவே எறக்கி வாசிக்கலாமேக்கா?"

"அவருக்கு எல்லாக் கட்டையும் அத்துப்படி. எறக்கி வாசிச்சா விரலப் பாத்து நான் கண்டுக்கிருவேனாம், மனசு விட்டுருவேனாம். அதான் விரல அஞ்சுலயே வச்சுக்கிட்டு பட்டன அமுக்குறாரு."

நாகநாதனிடம் தான் சொன்னதெல்லாம் ஸ்ரீதருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிளேடை எடுத்துத் துடைத்தான்.

"எல்லாம் தெரியும்னு நீங்க அவருகிட்டச் சொல்லிரலாமேக்கா?"

"சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு" என்றவள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பட்டனு ஒவ்வொரு அமுக்குக்கும் ஒழுங்காக் கேக்கும்ல தம்பி? அவரு மூணு தரம் அமுக்கி முடிக்கிற வரைக்கும் நான் பாக்காத மாதிரி மைக்கத் தட்டிக்கிட்டு அங்குட்டுத் திரும்பியில்ல நிக்கணும்!"