இரண்டு பழைய கார்டுகள்

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள். ஒன்று கனமாக இருந்தது.

ரிச்சி தெருவின் உள்சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மழைக்கு முந்தைய புழுக்கம். கண்ணாடி மேஜைமேல், விளையாட்டுகளைத் திரையில் ஓடவைக்கும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். இரண்டும் ஏற்கெனவே யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ ஓடிக் களைத்தவை.

இரண்டுக்கும் ஒரே விலை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் சாதிக் பொறுமையானவர். கார்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே விளையாட்டை இரண்டிலும் ஓட்டிக் காட்டினார். லேசானதில் மஞ்சள் கார் மலைவளைவில் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. கனமான கார்டில் அதே கார் அதே வளைவில் விக்கி விக்கிப் போனது.

"இன்னிக்கு ஓட்டத்துக்கு இதுதான் மேடம். ஆனா மெமரி கம்மி. ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற கேமுக்கெல்லாம் திணறிடும். அந்த வெயிட்டானது கொஞ்சம் ஸ்லோ, மெமரி ஜாஸ்தி. நாலு வருஷத்துக்குக் கவலையில்ல. எத்தினி வருஷம் வச்சிக்கப் போறீங்க, அத சொல்லுங்க."



கார்டு அவளுக்கு இல்லை. தம்பி எட்வினுக்கு.

அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகக் கரையும் நோய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கால்கள் போயின. பிறகு தோள்கள். பத்தொன்பது வயதில் விரல்கள் மட்டும் மிச்சம். அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் அவன் வண்டி ஓட்டினான், மலை ஏறினான், பாலைவனத்தில் வழி தவறினான். எல்லாம் திரைக்குள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயமும் ஒரு தசைதானே என்று ஆரம்பித்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு இருப்பான், அடுத்ததற்குச் சொல்ல முடியாது என்று முடித்தார்.

அம்மாவிடம் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். எட்வினிடம் அதுகூடச் சொல்லவில்லை.

அவன் கேட்டிருந்தது கனமான கார்டை. வீடியோ வீடியோவாகப் பார்த்து எடுத்த முடிவு. வரப்போகும் விளையாட்டுகளுக்கும் அதுதான் தாங்கும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான்.

மஞ்சள் கார் வழுக்கிப் போனதைப் பார்த்தபின் அவளுக்கு மனம் கேட்கவில்லை. அது அவனுக்குக் கிடைக்க வேண்டும். இப்போதே.

ஆனால் கேட்டதை விட்டுவிட்டு இதை வாங்கிப்போனால் ஏன் என்பான். ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

கடை வாசலுக்கு வந்து எட்வினுக்குப் போன் செய்தாள். கனமானது விக்குகிறது என்றாள். பார்க்கவே நன்றாக இல்லை என்றாள். கடைக்காரரே வேண்டாம் என்கிறார் என்று ஒரு பொய்யையும் சேர்த்தாள்.

மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம். அம்மா சட்னி அரைக்கிறாள்.

"ஃபாஸ்டானதயே வாங்கிட்டு வந்துரு, அக்கா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. நாலு வருஷம் வர வேண்டும் என்றாயே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஈஸ்டருக்குப் பாக்கலாம், கிறிஸ்துமஸுக்குப் பாக்கலாம்னு இழுத்துக்கிட்டே இருந்த. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளே எதுடா வேணும்னு கேட்ட."

கோபமில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

மிக்ஸி நின்றது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லிறாத."

வைத்துவிட்டான்.

அவள் ஷட்டரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தில் ஒருவன் தலையில் மானிட்டர் பெட்டியோடு வழி கேட்டுக்கொண்டே போனான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே வந்து வேகமானதைக் காட்டினாள். சாதிக் கார்டின் விசிறி இடுக்குகளில் இருந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் துடைக்க ஆரம்பித்தார். தூசி போனபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தன் முகத்தைத் துடைத்து முடித்தபின்தான் நிமிர்ந்தார்.

வீட்டில் அவளே கார்டைப் பொருத்தினாள். எந்த இடத்தில் செருக வேண்டும், எந்தத் திருகாணி, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எட்வின் சக்கர நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு முறை தப்பாகச் செருகினாள். சிரித்தான். 

அம்மா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். பழசாமே, நாளைக்கு நின்றுபோய்விடாதா என்றாள்.

அதெல்லாம் நல்லா வரும்மா என்றான் எட்வின்.

அம்மா ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

திரை விழித்தது. மழை விட்ட காடு. ஒவ்வொரு இலையும் தனித்தனியாக ஆடியது. கீழே ஒரு ஆறு. துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் கரையில் நின்றான். மேட்டுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது.

எட்வின் கட்டைவிரலை லேசாகத் தள்ளினான். சிப்பாய் சத்தம் வந்த பக்கம் போகவில்லை. ஆற்றோரமாகத் திரும்பி நடந்தான். நாணல் அவன் முழங்காலில் உரசி வழிவிட்டது.

சண்டைக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

"இரு, அக்கா. கொஞ்ச தூரம் நடக்கட்டும்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை இருவரும் நடந்தார்கள்.