மேலே வைத்த சீட்டு

"கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தையும் வந்தாச்சு. உங்க சம்பளத்துல இன்னும் சிங்கிள்னே டாக்ஸ் பிடிக்கிறாங்க. டாக்ஸ் ஃபார்மை மாத்துங்களேன்," என்றாள் மனைவி யூனிஸ்.

ரூஃபஸ் குரலைத் தாழ்த்தினான். "யாராவது பார்த்துட்டா?"

"கம்பெனி சம்பள ஆபீஸ்ல கிடக்கிற ஃபார்மை எவன் தோண்டிப் பார்க்கப் போறான்?"

மறுநாளே 'மேரீட், மூன்று பேர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த சம்பளம் கூடுதலாக வந்தது; ஐசலின் ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்குத் தொட்டிலும் வந்தது. அவன் பயம் மட்டும் போகவில்லை.

1986 மார்ச்சில் நெவார்க் குடியேற்ற அலுவலகத்தில் அவனுக்குக் கிரீன் கார்டு இன்டர்வியூ. யூனிஸ்தான் ஃபைலை அடுக்கினாள்.

"கையில அதிகமா வந்த மாசத்து சம்பளச் சீட்டை மேல வச்சிருக்கேன். பார்த்ததும் அசந்துடுவான்."

அங்கே வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தான் ரூஃபஸ்.

அதிகாரி இனிமையாகவே ஆரம்பித்தார்.

"கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்கள் அப்பா, மணமாகாத மகன் என்று உங்களுக்கு மனு போட்டிருக்கிறார். கல்யாணம் ஆகியிருந்தால் இந்த மனு செல்லாது. தெரியுமல்லவா?"

"தெரியும் சார்."

"ஆகவில்லையே?"

"இல்லை சார்."

அதிகாரி ஃபைலைத் திறந்தார். மேலே இருந்த சீட்டில் அவர் விரல் மெல்ல இறங்கி, 'மேரீட், 3' என்று அச்சாகியிருந்த இடத்தில் நின்றது.

நிமிர்ந்தார்.

"குழந்தைக்கு எத்தனை மாதம்?"