ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச்

கணவர் ஞானசேகரன் இறந்த பிறகு அந்தப் பழைய காரை வசுமதிதான் ஓட்டினாள். ஓடும்போது ஏசி குளிர்ந்தது. சிக்னலில் நின்றால் அனல் காற்று வந்தது, இன்ஜினும் சூடேறியது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று கண்டுபிடித்த மெக்கானிக் சூசை, வயரைப் பிடித்துக்கொண்டே போய், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு சின்ன சுவிட்சை அழுத்தினார். ஃபேன் சுழன்றது.

“ரிலே போயிருக்கும்மா. சார் தனியா சுவிட்ச் போட்டிருக்காரு. வண்டி நிக்கிறப்பல்லாம் கைய கீழ விட்டு அமுக்கியிருப்பாரு.”

“எத்தன வருசமா?”

“வயரப் பாத்தா பத்து வருசம் இருக்கும். புது ரிலே போட்டா தானா சுத்தும். இத கழட்டிரவா?”

வசுமதி குனிந்து அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். சிக்னலுக்குச் சிக்னல் அவர் குனிந்து முழங்காலைத் தடவிக்கொள்வதாகத்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் நினைத்திருந்தாள். வெளியே போய்வந்த நாளெல்லாம் தைலத்தைச் சூடுபண்ணி அந்தக் காலில் தேய்த்துவிடுவாள். ஒரு நாளும் அவர் வேண்டாம் என்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் தேய், வசு” என்பார்.